காட் தீட்டா = 2 காஸ் தீட்டா: விடுபட்ட 90°, 270° தீர்வுகள்

காட் தீட்டா = 2 காஸ் தீட்டா என்ற சமன்பாட்டைத் தீர்த்தபோது உங்களுக்கு 30°, 150° மட்டுமே கிடைத்தன, புத்தகத்தின் விடையிலோ 90°, 270° ஆகியவையும் உள்ளன, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். 0° முதல் 360° வரை இச்சமன்பாட்டுக்கு நான்கு தீர்வுகள் உள்ளன: 30°, 90°, 150°, 270°. புத்தகத்தின் விடை சரியானது. உங்களுக்கு 30°, 150° மட்டும் கிடைத்ததற்குக் காரணம், காட் என்பதைக் காஸ் ÷ சைன் என்று மாற்றிய பிறகு இருபுறமும் உள்ள காஸ் தீட்டாவை நீங்கள் அடித்துவிட்டதுதான் என்று கருதுகிறேன். காஸ் தீட்டா பூச்சியமாகும் கோணங்களில் அதனால் வகுக்க முடியாது என்பதால், அடித்த கணமே அக்கோணங்களும் காணாமற்போகின்றன.

அடிப்பதற்குப் பதிலாக, இருபுறமும் சைன் தீட்டாவால் பெருக்கி, எல்லா உறுப்புகளையும் ஒருபுறம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்:

காஸ் தீட்டா × (1 − 2 சைன் தீட்டா) = 0

முதற்காரணி 90°, 270° ஆகியவற்றையும், இரண்டாவது 30°, 150° ஆகியவற்றையும் தருகின்றன.

90° ஐக் கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது 1 ÷ டேன் 90° என்று உள்ளிட்டால் பிழை என்றே காட்டும். இதைப் பார்த்துச் சரியான விடையையே நீக்கிவிடுபவர்கள் உண்டு. காஸ் 90° ÷ சைன் 90° என்று உள்ளிட்டால் 0 கிடைக்கும். வலப்புறமும் 0 தான். சைனின் மேல் −1 இட்டிருக்கும் பொத்தான் நேர்மாறுச் சார்புக்குரியது, சைனின் தலைகீழியான கோசீக்குக்கு (1 ÷ சைன்) உரியது அன்று என்பதையும் கவனியுங்கள்.

சைன் தீட்டாவால் பெருக்கும்போது எதிர்த்திசையில் ஒரு பிழை நேரலாம். கோசீக் தீட்டா − காட் தீட்டா = 0 என்பதை அவ்வாறு பெருக்கினால் காஸ் தீட்டா = 1 என்றாகி 0°, 360° கிடைக்கும்; ஆனால் அங்கே சைன் பூச்சியமாதலால் மூலச் சமன்பாட்டுக்குப் பொருளே இல்லை, எனவே அதற்குத் தீர்வும் இல்லை.