ராணுவத்துக்கான மென்பொருளுக்குத் தரகர் தேவையா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் நானும் நண்பரும் சேர்ந்து செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். ட்ரோன் படங்களையும் வயர்லெஸ் தகவல்களையும் சேர்த்துப் பார்த்து, எதை முதலில் தாக்கலாம் என்று படை அதிகாரிக்கு அது பரிந்துரைக்கும். நிறுவனம் இன்னும் பதியவில்லை. கேரள முகவரி செல்லாது, மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தால் தமிழ்நாட்டு முகவரியில் பதிந்து ராணுவ ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார் கோவைக்காரர் ஒருவர். நம்பலாமா?

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் இரண்டு திட்டங்களைப் போட்டுக் குழப்புகிறார். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்ட, ராணுவத் தளவாடத் தொழில்களுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தமிழ்நாட்டுக்கு உரியது. நீங்கள் நாட வேண்டியது, ராணுவத்துக்குப் புதிய தொழில்நுட்பம் உருவாக்குவோருக்கு மானியம் தர மத்திய பாதுகாப்பு அமைச்சகம் 2018இல் தொடங்கிய ‘ஐடெக்ஸ்’ (iDEX) திட்டம். உங்கள் வீடு மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே அல்ல. தீர்வு கேட்டு முப்படைகள் அறிவிக்கும் தொழில்நுட்பச் சவால்களுக்கு இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வழக்கமான பிரிவில் மானியம் 1.5 கோடி ரூபாய் வரை. அதற்கு ஈடான பங்கை நீங்களும் போட வேண்டும், பணமும் வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகத்தான் வரும். தரகர்கள் இதை மட்டும் வாய் திறந்து சொல்வதே இல்லை.

நிறுவனம் இல்லாத தனிநபரும் விண்ணப்பிக்க இத்திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நீங்கள் இருவர். எனவே யார் பெயரில் விண்ணப்பம், மென்பொருளின் உரிமையில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் பாதியில் விலகினால் என்ன செய்வது என்பதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள். நட்பை நம்பி இதை விட்டவர்கள் மானியம் வந்த நாளில் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். தனிநபருக்கான நிபந்தனைகளை அந்தந்தச் சவாலின் அறிவிப்பிலும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ‘இயந்திரமே முடிவெடுக்கும்’ என்று விளம்பரம் எழுதித் தரவும் ஆட்கள் வருவார்கள்; அதை ஏற்காதீர்கள். 2003 மார்ச்சில், ஈராக் போரின்போது, அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று தவறாக வகைப்படுத்தியது. திரையைப் பார்த்திருந்தவர்களுக்கு முடிவெடுக்கக் கிடைத்தது சுமார் ஒரு நிமிடம். அவர்கள் இயந்திரத்தை நம்பிச் சுட்டார்கள், விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். அங்கே மனிதர் இருந்தார். ஆனால் சந்தேகப்பட அவருக்கு நேரமும் இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை. ஆகவே உங்கள் பரிந்துரை எந்தப் படத்தை, எந்தத் தகவலை வைத்துச் சொல்லப்பட்டது, எவ்வளவு உறுதியானது, எது தெரியாமல் சொல்லப்பட்டது என்பதெல்லாம் அதிகாரியின் கண்ணில் உடனே படவேண்டும். அவர் மறுக்கவும் ஒரு பொத்தான் போதுமானதாக இருக்கவேண்டும். 2024 அக்டோபரில் நம் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட, செயற்கை நுண்ணறிவுக்கான நம்பகத்தன்மை மதிப்பீட்டு நெறிமுறையும் இத்தகைய வெளிப்படைத்தன்மையைத்தான் கேட்கிறது.

சோதிக்க உண்மையான களத் தரவு வேண்டுமே என்று கேட்பீர்கள். படைத் தரப்பிடம் கேட்டால் ரகசியம் என்பார்கள். தரவு இல்லாமலே துல்லியத்தை நிரூபி என்றும் சொல்வார்கள். 2019இலேயே பாதுகாப்புத் துறையின் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனி முகமை அமைத்துவிட்டு, சிறிய குழுக்களை இன்னும் இப்படி அலையவிடுவது எனக்குச் சம்மதமில்லை. இப்போதைக்கு அணைக்கட்டு, தோட்டம், சாலை ஆகியவற்றை உரிய ட்ரோன் அனுமதியுடன் படமெடுத்துச் சோதித்து, தவறிய இடங்களையும் மறைக்காமல் பதிவு செய்யுங்கள்.

மேலதிகாரிக்கு டெமோ காட்டவேண்டும் என்று அந்தக் கோவைக்காரர் மென்பொருளின் மூல நிரலை (சோர்ஸ் கோடை) கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், கொடுத்த நாளையும் பதிப்பையும் குறிப்பிட்டு அவருக்கு இன்றே ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.