அமெரிக்காவில் அம்மாவை நர்சிங் ஹோமில் (முதியோர் தங்கிப் பராமரிப்பு பெறும் இடம்) சேர்க்க வேண்டியிருக்கிறது. ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை நம்பலாமா?

நட்சத்திரத்தைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் இங்கே ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மெடிகேர் என்பது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதன் கேர் கம்பேர் என்ற இணையதளத்தில் வரும் நட்சத்திரம் மூன்றைச் சேர்த்துப் போடுவது: அரசு ஆய்வில் கண்ட குறைகள், ஊழியர் அளவு, பராமரிப்புத் தரம். இந்த மூன்றாவதில் பெரும்பகுதி ஹோமே அனுப்பும் தகவல். அதனால் நான் ஆய்வு அறிக்கையைத்தான் முதலில் படிப்பேன். அதே தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வகைக் குறைக்கும் ஓர் எண் உண்டு. படுக்கைப் புண் 686, கீழே விழுவது போன்ற விபத்து 689, தொற்றுத் தடுப்பு 880. பழைய அறிக்கைகளையும் எடுத்து, ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ஹோம் வேண்டாம், நட்சத்திரம் எத்தனை இருந்தாலும் சரி.

ஏன் திரும்ப வருகிறது? ஆய்வாளர்கள் குறை எழுதினால் ஹோம் ஒரு திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். "ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளித்தோம்" என்று அதில் எழுதுவார்கள். நாங்களும் தாளில் கையெழுத்துப் போடுவோம். ஆனால் தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? ஆள்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு எய்ட் (நர்ஸுக்கு உதவும் பராமரிப்பு ஊழியர்) வராவிட்டால், மீதி இருப்பவர்கள் சாப்பாடு ஊட்டுவார்களா, பாத்ரூம் கூட்டிப்போவார்களா, திருப்பிப் படுக்க வைப்பார்களா? புண் அங்கேதான் தொடங்குகிறது. முழு ஆய்வு 15 மாதத்துக்குள் ஒருமுறை நடந்தால் போதும் என்பதுதான் விதி. அதற்குள் எத்தனை ஞாயிறு வந்து போகும்!

அதனால் வார இறுதி ஊழியர் விவரத்தைத் தனியாகப் பாருங்கள், அதே தளத்தில் இருக்கிறது. அப்புறம் ஒரு ஞாயிறு சாயங்காலம் நேரில் போங்கள். அழைப்பு விளக்கு எரிந்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார், தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா என்று கவனியுங்கள்.

சேர்த்த பிறகும், நம் அம்மாக்கள் வலிக்கிறது என்று வாய் திறக்க மாட்டார்கள். குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் நீங்களே பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே நர்ஸிடம் சொல்லி, பதிவு செய்யச் சொல்லுங்கள். கருமையான தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம், அங்கே சூடோ கெட்டித்தன்மையோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சொல்லியும் கேட்காவிட்டால் உங்கள் மாநில ஆம்பட்ஸ்மனை, அதாவது ஹோமில் இருப்பவர்களின் புகாரைக் கவனிப்பவரை, கூப்பிடுங்கள். காசு வாங்க மாட்டார்கள், எண் ஹோமிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.