மூன்று கல்லூரி அழைத்தால் எதில் சேர்வது? – அமெரிக்க மருத்துவப் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு மூன்று கல்லூரிகளில் எம்.டி. (அமெரிக்காவில் முதல் மருத்துவப் பட்டம்) அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம். இரண்டாவது பெயர்பெற்ற தனியார் கல்லூரி, ஆண்டுக்கு 25,000 டாலர் கூடுதலாகும். மூன்றாவது தொடங்கி இரண்டே வருடமான கல்லூரி, ஸ்காலர்ஷிப் தருகிறார்கள். உறவினர்கள் எல்லோரும் இரண்டாவதையே சொல்கிறார்கள்.
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உறவினர்கள் கடனைக் கட்டப்போவதில்லை என்பதால், அந்த 25,000 டாலரை முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். நான்கு ஆண்டுக்கு 1 லட்சம். மருத்துவ மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடனில் படிக்கும்போதே வட்டி ஓடும். 8 சதவீதம் என்று வைத்து, ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் வாங்கினால், பட்டம் வாங்கும்போது 1,20,000 டாலர் நிற்கும். பட்டத்துக்குப் பிறகான மூன்று வருட ரெசிடென்சியில் (மருத்துவமனைப் பயிற்சி) கட்டாமல் விட்டால் குறைந்தது இன்னும் 24,000 ஏறும். இது வித்தியாசத் தொகைக்கு மட்டும். மொத்தக் கடன் தனி.

விதியும் மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் ப்ளஸ் (படிப்புச் செலவு முழுவதற்கும் அரசு தந்துவந்த கடன்) கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு அரசு தருவது ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர்தான். அதற்கு மேல் வேண்டுமானால் தனியார் கடன். அதற்குப் பெரும்பாலும் உங்கள் ஜாமீன் கையெழுத்து கேட்பார்கள். பொதுச் சேவை வேலையில் 120 தவணை கட்டியவர்களுக்கு மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் தனியார் கடனுக்குப் பொருந்தாது.

பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. யு.எஸ்.எம்.எல்.இ. என்ற மருத்துவ உரிமத் தேர்வின் ஸ்டெப் 1 2022 ஜனவரி முதல் வெறும் பாஸ்/ஃபெயில். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண், மூன்றாம் ஆண்டு வார்டு கிரேடு, ஆராய்ச்சி, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றின் கனம் கூடிவிட்டது. மகளுக்கு நியூரோசர்ஜரி, டெர்மட்டாலஜி போன்ற போட்டி மிகுந்த துறைகளில் ஆசை என்றால், அந்தத் துறையில் சொந்த ரெசிடென்சி நடத்தும் கல்லூரியா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடிதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வெளியூர் போய் அலைய வேண்டும். குடும்ப மருத்துவமோ குழந்தை மருத்துவமோ போதும் என்றால், பெயருக்காக 1 லட்சம் கூடுதல் கடன் வீண் என்பதே எங்கள் கருத்து.

கல்லூரிகள் காட்டும் மேட்ச் பட்டியலை (எந்த மாணவருக்கு எந்த ரெசிடென்சி கிடைத்தது என்ற பட்டியல்) எச்சரிக்கையோடு படியுங்கள். பெரிய மருத்துவமனைப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ‘ப்ரிலிமினரி சர்ஜரி’ என்று இருந்தால் அது ஓராண்டு இடம் மட்டுமே. அடுத்த ஆண்டு இடம் உறுதியில்லை. இடமே கிடைக்காதவர்கள் பட்டியலில் இருக்க மாட்டார்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை, நான்கே ஆண்டில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று நேராகக் கேட்கலாம்.

மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. முதல் இரண்டு ஆண்டு பாஸ்/ஃபெயில் என்பார்கள். உள்ளுக்குள் ராங்க் போட்டு டீன் கடிதத்தில் (ரெசிடென்சி விண்ணப்பத்தோடு கல்லூரி அனுப்பும் மதிப்பீடு) எழுதுகிறார்களா? வார்டு போஸ்டிங் ஒரே மருத்துவமனையிலா, இல்லை ஒரு மணி நேரக் கார் பயணத்தில் ஐந்து இடங்களிலா? வகுப்பில் எத்தனை பேருக்கு ‘ஹானர்ஸ்’ என்ற உயர்ந்த கிரேடு கிடைக்கிறது?

புதிய கல்லூரிக்கு எல்.சி.எம்.இ. (எம்.டி. கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பு) தந்த அங்கீகாரம் பூர்வாங்க நிலையா, அதற்கு அடுத்த தற்காலிக நிலையா என்று பாருங்கள். முதல் அணி பட்டம் பெறும்வரை மேட்ச் பட்டியலே இருக்காது. ஸ்காலர்ஷிப் நான்கு ஆண்டும் தொடருமா, எந்த நிபந்தனையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உதவிக் கடிதங்களில் கடனையும் சேர்த்து ‘உதவி’ என்று கூட்டிப் போடுவதுண்டு. அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். குறைவாகத் தந்த கல்லூரியின் நிதி அலுவலகத்துக்கு மற்றதன் கடிதத்தை அனுப்பிக் கூட்டித் தரக் கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: ஒரு இடம் உறுதி, இன்னொன்றில் வெயிட்லிஸ்ட். எதுவரை காத்திருக்கலாம்?
– வாசகர், இல்லினாய்

பதில்: ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழி விண்ணப்பித்தவர்கள் ஏப்ரல் 15-க்குள் கையில் வைத்திருக்கும் இடங்களை மூன்றாகவும், ஏப்ரல் 30-க்குள் ஒன்றாகவும் குறைக்க வேண்டும். அந்த ஒன்றுக்கு ‘ப்ளான் டு என்ரோல்’ அழுத்தினாலும் வெயிட்லிஸ்டில் தொடரலாம். ‘கமிட் டு என்ரோல்’ அழுத்துவது அப்படியல்ல. மற்ற எல்லா இடங்களிலிருந்தும், வெயிட்லிஸ்ட் உட்பட, விலகிவிட வேண்டும். அதற்கான கடைசி நாளை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வைக்கிறது. அவசரப்பட்டு முன்கூட்டியே அழுத்தாதீர்கள். வெயிட்லிஸ்ட் கல்லூரிக்கு, கூப்பிட்டால் நிச்சயம் வருவேன் என்று ஒரு கடிதம் அனுப்பலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும்.

கேள்வி: எம்.டி., டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) இரண்டிலும் இடம் இருக்கிறது. வித்தியாசம் பெரிதா?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: இருவரும் 50 மாநிலங்களிலும் முழு மருத்துவர்களே. 2020 முதல் ரெசிடென்சி அங்கீகாரமும் ஒன்றே. ஆனால் டி.ஓ. மாணவர் காம்லெக்ஸ் என்ற தனி உரிமத் தேர்வு எழுத வேண்டும்; போட்டி மிகுந்த துறைகள் யு.எஸ்.எம்.எல்.இ.யும் எதிர்பார்ப்பதால் பலர் இரண்டையும் எழுதுகிறார்கள். இரண்டு கட்டணம், இரட்டைப் படிப்பு. பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லாததால் மூன்றாம் ஆண்டில் ஊர் மாற வேண்டி வரலாம். கட்டணம் ஏறத்தாழ சமம் என்றால் எம்.டி.யை எடுங்கள்.