ஸ்வெட்டரைக் கழற்றிப் பாருங்கள்: நீலகிரி வாசகர்களின் மருத்துவக் கேள்விகள்

கேள்வி (கோத்தகிரி): டாக்டர், அம்மாவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். டைபாய்டு, டெங்கு, சிறுநீர் டெஸ்ட் எல்லாம் நார்மல். பாராசிட்டமால் போட்டால் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அடுத்து என்ன டெஸ்ட் எடுப்பது?

பதில்: டெஸ்டுக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, காதுக்குப் பின்புறம். சிகரெட் நுனியால் சுட்டதுபோல் கருப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பாக இருக்கிறதா? வலிக்காது, அரிக்காது. அதனால் அம்மாவுக்கே தெரிந்திருக்காது. இருந்தால் அநேகமாக ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்து வருவது. கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும்.

பொருக்கு இல்லாமலும் இது வரும். ஐஜிஎம் எலிசா ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டலாம். ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை தொடங்கிவிடுவோம். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ, பிதற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானே இதைத் தவறவிட்டிருக்கிறேன். டிசம்பர் குளிர், பெரியவர் ஒருவர் மூன்று அடுக்குத் துணியில் படுத்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் உடை மாற்றிய நர்ஸம்மா அவர் முதுகிலிருந்த பொருக்கைக் காட்டினார். அதற்குள் நுரையீரலில் இறங்கிவிட்டிருந்தது. பிழைத்துவிட்டார். ஆனாலும் அந்த மூன்று நாள் அவர் பட்ட பாட்டுக்கு நான்தான் காரணம்.

கேள்வி (குன்னூர்): அப்பாவுக்கு வயது 62. அதே மாத்திரைதான், கோடையில் பி.பி. 130/80, பனிக்காலத்தில் 160/96. மாத்திரை வேலை செய்யவில்லையா?

பதில்: குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பி.பி. ஏறும். ஆனால் முதலில் அளக்கும் விதத்தைச் சரி பாருங்கள். கம்பளிக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றினாலும், சட்டையைச் சுருட்டி இறுக்கிவிட்டாலும் கணக்கு தப்பும். வெறும் கையில், முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, காலை இரண்டு தடவை, மாலை இரண்டு தடவை, ஒரு வாரம் எழுதி வையுங்கள். சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் டாக்டர் மருந்தைக் கூட்டுவார். கோடை வந்ததும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி (ஊட்டி): விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எனக்கு எப்போதும் 94. பயப்பட வேண்டுமா?

பதில்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. மூச்சுத்திணறல் இல்லையென்றால் 94 இங்கே சாதாரணம்.

கேள்வி (கூடலூர்): வயது 38, பணியர் பழங்குடிச் சமூகம். எனக்குச் சிக்கிள் செல் நோய் உண்டு. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.1 தான். ஆனால் வெறும் வயிற்றில் ஒருமுறை 158, மறுமுறை 162. எதை நம்புவது?

பதில்: வெறும் வயிற்று அளவைத்தான். இருமுறை 126-ஐத் தாண்டியதால் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று மாத டெஸ்ட், சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. சாதாரணமாகச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். சிக்கிள் செல் நோயில் அது அரிவாள்போல் வளைந்துவிடுவதால், உங்களுக்கு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. சர்க்கரை ஒட்ட அவகாசமே இல்லை, அதனால் எண் பொய்யாகக் குறைகிறது. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், சீட்டு எழுதும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். மாத்திரை தொடங்குமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். இந்த நோய் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கோத்தகிரி, மறுபடி: டாக்டர், பார்த்தேன். இடுப்பில் நாடாவுக்குக் கீழே, மிளகு அளவில் ஒன்று இருக்கிறது.

பதில்: விடியட்டும் என்று இருக்காதீர்கள், இப்போதே கூட்டிப் போங்கள். அந்த இடத்தைக் காட்டுங்கள், தோட்ட வேலை என்பதையும் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் சாப்பிட்ட பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்கட்டும். அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைச் சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.