"எனக்குன்னு ஒரு இடமே இல்லம்மா" – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டைலர். என் பையன் கோவையில் கல்லூரி பேஸ்பால் அணியில் ஆடுகிறான். விடிவதற்குள் மைதானத்தில் நிற்பான். ஆனால் கோச் ஒரு மேட்சில் செகண்ட் பேஸில் நிறுத்துகிறார், அடுத்ததில் மைதானத்தின் கோடியில் இருக்கும் லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்புகிறார். போன மாதம் பிட்சராகப் பந்து போட்டுவிட்டு அன்றைக்கே மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் கேட்சராகவும் உட்கார்ந்தான். "எனக்குன்னு ஒரு இடமே இல்லம்மா" என்கிறான். ஒரே இடத்தில் நின்று உழைத்தால்தானே முன்னுக்கு வர முடியும்? நீங்கள் பேஸ்பால் பற்றி எழுதுவதால் கேட்கிறேனுங்க.

ஒரு தாய், திருப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பியின் வருத்தம் புரிகிறது. ஆனால் இடம் மாற்றுவதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் கணக்கைப் பாருங்கள். அணிக்கு 26 பேர். அதில் 13 பேர் வரை பிட்சர்களே. மீதி 13 பேரில் ஒன்பது பேர் ஆட இறங்கினால் வெளியே இருப்பது நாலு பேர். ஒருவர் மாற்று கேட்சர். மிச்சமுள்ள மூன்று பேரை வைத்துத்தான் மற்ற எல்லா இடத்தையும் சமாளிக்க வேண்டும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மூன்று தையல் மெஷினும் ஓட்டுகிற டைலரை ஆர்டர் குறைந்தாலும் கம்பெனி விடாது என்பது உங்களுக்குத் தெரியாததா!

பென் ஸோப்ரிஸ்ட் அப்படிப்பட்ட ஆட்டக்காரர். டாம்பா பே அணியில் செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்டு பேஸுக்கும் நடுவில் நிற்கும் இடம்), அவுட்ஃபீல்ட் என்று ஆள் தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் நின்றார். பிறகு சிகாகோ கப்ஸ் அணிக்குப் போய், 2016 உலகத் தொடரின், அதாவது மேஜர் லீக் இறுதித் தொடரின், சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 1908க்குப் பிறகு சிகாகோ கப்ஸ் வென்ற முதல் கோப்பை அது.

மூக்கி பெட்ஸ் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ரைட் ஃபீல்டில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளவ் விருதை ஆறு முறை வாங்கியவர், 31 வயதில் ஷார்ட்ஸ்டாப்புக்கு வந்தார். 2024இல் அங்கே எறிதலில் தடுமாறினார். விடவில்லை. தரையில் உருண்டு வரும் பந்துகளை நாள்தோறும் பிடித்துப் பிடித்து எறிந்து பழகினார். 2025இல் முழுநேர ஷார்ட்ஸ்டாப் ஆகிவிட்டார். அந்த ஆண்டும் அவருடைய டாட்ஜர்ஸ் அணிதான் உலகத் தொடரை வென்றது.

ஒரு இடத்தில் உழைத்தது அப்படியே இன்னொரு இடத்துக்குச் செல்லுபடியாகாது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கும் டபுள் பிளேயில் செகண்ட் பேஸ்காரர், ஃபர்ஸ்ட் பேஸ் முதுகுப் பக்கம் இருக்க, ஷார்ட்ஸ்டாப் தரும் பந்தை வாங்கி உடம்பைத் திருப்பி எறிய வேண்டும். லெஃப்ட் ஃபீல்டில் பந்து மட்டையில் பட்ட கணமே முன்னால் ஓடுவதா பின்னால் ஓடுவதா என்று தெரிய வேண்டும். கால் வேலையும் வேறு, கண் வேலையும் வேறு. அதனால் தம்பியிடம் இதைக் கேளுங்கள்: புது இடத்தில் நிறுத்தும் முன் அந்த இடத்துக்கென்று பயிற்சி தருகிறார்களா? தந்தால் தைரியமாக ஆடட்டும். தராமல் ஆள் வராத இடத்தை அடைக்க மட்டும் அனுப்பினால் அவன் வருத்தம் நியாயம்தான். அப்போது பயிற்சி வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்கட்டும்.

அப்புறம், அந்த பிட்சர்–கேட்சர் விஷயம். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கேட்சரும் ஆட்டம் முழுக்க எறிந்துகொண்டேதான் இருப்பார். பிட்சராக ஆடிய பையன் அன்றைக்கு மறுபடி கேட்சராக உட்காரக்கூடாது என்று அமெரிக்காவில் இளம் ஆட்டக்காரர்களுக்கு வழிகாட்டுதலே இருக்கிறது. ஓய்வில்லாமல் எறிந்தால் முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழியக்கூடும். ஆபரேஷன் செய்தால் மறுபடி பந்து போட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கோச்சை நேரில் பார்த்துப் பேசுங்கள். முழங்கை வலிக்கிறது என்று தம்பி சொன்னால் எந்த மேட்சும் வேண்டாம், அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.