கரண்ட் போனால் போனும் போகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்திய நாளன்றே எழுதியவை. கோபம் ஆறுவதற்குள் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை.

2012 மின்வெட்டில்கூட எங்கள் வீட்டு போன் நின்றதில்லை. ஃபைபருக்கு மாறியபின் கரண்ட் போன அடுத்த நொடியே செத்துவிடுகிறது. லைனில் கோளாறா? (பாலக்கோடு)

கோளாறு இல்லை. அப்போது போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. ஒளியைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. டயல் டோன், மணி இரண்டையும் இப்போது தருவது உங்கள் வீட்டு மோடம். அதற்குச் சோறு போட வேண்டியது நீங்கள்தான்.

போன் வேலை செய்யவில்லை. உடனே வழி சொல்லவும். (அரூர்)

எந்த போன்? எந்த மோடம்? என்ன விளக்கு எரிகிறது? கரண்ட் இருந்தபோதா, இல்லாதபோதா? 'உடனே' என்பதைத் தவிர கடிதத்தில் ஒன்றும் இல்லை. நான் குறி சொல்பவன் அல்ல. மோடத்தின் விளக்குகளைப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.

கரண்ட் போனாலும் மோடம் ஓட 10,000 எம்ஏஎச் மினி யூபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) வாங்கினேன். எட்டு மணி நேரம் தாங்கும் என்றார்கள். மூன்றைத் தாண்டவில்லை. ஏமாந்துவிட்டேனா? (கிருஷ்ணகிரி)

பாதி அவர்கள் ஏமாற்றினார்கள், பாதி நீங்களே ஏமாந்தீர்கள். அட்டையில் எம்ஏஎச் எண்ணைக் கொட்டை எழுத்தில் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த எண் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்குச் சொன்னது. உங்கள் மோடம் கேட்பது 12 வோல்ட். வாட்-ஹவரில் கணக்குப் போடுங்கள்: 10,000 எம்ஏஎச் என்பது 10 ஆம்பியர்-ஹவர், அதை 3.7 ஆல் பெருக்கினால் 37. நகைக்கடை போல இங்கேயும் சேதாரம் உண்டு, அதைக் கழித்து 30 என்று வையுங்கள். வைஃபையோடு ஓடும் மோடம் 10 வாட் போல இழுக்கும். மூன்று மணி நேரம், தீர்ந்தது. காலை 9 முதல் 2 வரை தாங்க வேண்டுமென்றால் 60 வாட்-ஹவருக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

எனக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. பழகிய கடையில் வாங்கிய பெட்டி ஒரு வருடத்தில் அரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது. மூடியைக் கழற்றினேன். நான்கு செல்லுக்கு இடம், இருந்தது இரண்டு. மற்ற இரண்டு இடத்திலும் அசையாமலிருக்க மஞ்சள் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகியிருந்தார்கள். கடைக்குக் கொண்டுபோனால், "சார், சீலை உடைச்சிட்டீங்களே, வாரண்டி போச்சு" என்றார்.

அதனால் வாங்கிய அன்றே முழுக்க சார்ஜ் ஏற்றி, சுவிட்சை அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள். என்னைப் போலத் திறக்கவும் வேண்டாம், லித்தியம் செல்லில் ஸ்க்ரூடிரைவர் பட்டால் தீப்பிடிக்கும். பெட்டி உப்பியிருந்தால் அன்றோடு அதை விட்டுவிடுங்கள். அப்புறம், எப்போதும் சொல்வதுதான்: மோடம் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் யூபிஎஸ்ஸின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள்.

மோடம் இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போனால் கார்ட்லெஸ் போன் ஊமையாகிவிடுகிறது. (ஊத்தங்கரை)

கார்ட்லெஸ்ஸின் பேஸ் எந்த பிளக்கில் இருக்கிறது? இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில்தான் இருக்கும். அதற்கும் தனி அடாப்டர் உண்டு. சுருள் ஒயர் வைத்த சாதாரண போன் ஒன்றை வாங்கி மோடத்தில் நேரடியாக மாட்டுங்கள், அதற்குத் தனிக் கரண்ட் வேண்டாம். பழையது பரணில் இருந்தால் இன்னும் நல்லது.

யூபிஎஸ் இருக்கிறது, மோடம் எரிகிறது. ஆனால் கரண்ட் போய் ஒரு மணி நேரத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிறது. (பென்னாகரம்)

நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். எல்ஓஎஸ் சிவந்தால் மோடத்துக்கு ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டில் குறை இல்லை. ஒளியை அனுப்பும் கருவி மறுமுனையில், எக்ஸ்சேஞ்சிலோ கேபிள்காரர் அறையிலோ இருக்கிறது. அங்கே பேட்டரி தீர்ந்தால் இப்படித்தான் சிவக்கும். ஒவ்வொரு முறையும் அதே ஒரு மணி நேரம் என்றால் ஃபைபர் அறுந்ததாக இருக்காது. தேதி, நேரம் குறித்துவைத்து அவர்களிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சுக்கு அசைய மாட்டார்கள்.

பைக் பேட்டரியும் 12 வோல்ட்தானே, மோடத்துக்கு நேரடியாகக் கொடுக்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

பெயரில்தான் 12. சார்ஜ் ஏறும்போது 14 தாண்டும், இறங்கினால் 11. ஃபியூஸ் இல்லாமல், பிளஸ் மைனஸ் மாறிப்போனால் மோடம் புகையும். மறுநாள் காலையில் பைக்கும் ஸ்டார்ட் ஆகாது. வேண்டாம். வோல்ட்டைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள். செல்போன் போதாதா? (காவேரிப்பட்டணம்)

சில மணி நேரம் மட்டும் கரண்ட் இல்லையென்றால் செல்போன் போதும். அதற்கு மேல் சந்தேகம். டவரும் பேட்டரியிலும் டீசலிலும்தான் ஓடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. போல மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் டீசல் வண்டியை எதிர்பார்க்க முடியுமா? வீட்டு போன் ஒன்று, வேறு கம்பெனி சிம் போட்ட பட்டன் போன் ஒன்று, இரண்டும் இருக்கட்டும். 108ஐயும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கரண்ட் எப்போது வரும்? (நான்கு பேர்)

மின்னகம் (மின்வாரியத்தின் புகார் மையம்), 94987 94987. எனக்கு எழுதினால் பதில் வருவதற்குள் கரண்ட் வந்துவிடும்.

ஃபைபரில்தான் கரண்ட் வராதே, சித்திரை இடிக்கு மோடத்தைக் கழற்ற வேண்டுமா? (தர்மபுரி)

ஃபைபரில் வராது, அடாப்டர் வழியாக வரும். சில ஃபைபர் ஒயர்களோடு தாங்கலுக்கு இரும்புக் கம்பியும் ஓடும். மேகம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள், இடி இடிக்க ஆரம்பித்தபின் தொடாதீர்கள். மினி யூபிஎஸ் இருந்தால் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்தால் போதும், போன் பேட்டரியில் ஓடும். ஆனால் ஒயர் போனில் பேசுவதை இடி நிற்கும்வரை தள்ளிப்போடுங்கள்.