இல்லாத விமானத்துக்கு என்ன நிறம்?

அன்புள்ள சார்,

வணக்கம். பிளாஸ்டிக் மாடல் விமானங்கள் ஒட்டுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நான் இதில் இறங்கினேன். ஐந்தாறு கிட்களைப் பெட்டியில் சொன்னபடியே ஒட்டி முடித்த பிறகு, மிஞ்சிய பாகங்களை வைத்து நானே ஒரு போர்விமானம் செய்தேன். 1/72 அளவு. அமெரிக்க எஃப்-18இன் முன்பாதி, ரஷ்ய மிக்-29இன் பின்பாதி. அதன் இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே, எஃப்-16 பெட்டியிலிருந்து எடுத்த மூன்றாவது எஞ்சின். இறக்கைகளைத் திருப்பிப் போட்டு, முன்னோக்கிச் சாயும்படி ஒட்டினேன். முழுக்கக் கறுப்பு அடித்து, வாலில் தங்க நிற மின்னல் வரைந்தேன்.

நாலு மாதம் ஆயிற்று. மாடல் செய்கிறவர்கள் கூடும் இடத்துக்கு எடுத்துப் போனேன். மூத்தவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த விமானம் தம்பி?" என்றார். நானே கற்பனை செய்தது என்றேன். "அப்போ பொம்மைன்னு சொல்லு" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வைத்ததும் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இல்லாத ஒரு விமானத்துக்காக இவ்வளவு உழைப்பதில் அர்த்தம் உண்டா? அவர் சொன்னது இவ்வளவு உறைக்கக் காரணம், எனக்கே அது பொம்மை மாதிரிதான் தெரிகிறது. ஏன் என்றுதான் புரியவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்
எஸ்.

அன்புள்ள எஸ்.,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் பக்கமாக உட்கார்ந்திருக்கும் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

முதலில் அந்த மூத்தவர். இல்லாத விமானத்தைச் செய்யக்கூடாது என்று அவர் நினைத்திருந்தால், அதில் எனக்கு உடன்பாடில்லை. மாடல் உலகில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கிட்களில் ஒன்று, இல்லாத விமானத்தினுடையது. 1986இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் 'எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. ரேடாரில் சிக்காத ரகசிய விமானம் ஒன்று அமெரிக்காவிடம் இருக்கிறது என்று எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்த காலம். அது எப்படி இருக்கும் என்று ஊகித்து, வழவழவென்று வளைவுகளோடு ஒரு உருவம் செய்தார்கள். பெட்டி பெட்டியாக விற்றது. 1988 நவம்பரில் நிஜ விமானத்தின் மங்கலான படம் ஒன்றை அரசு வெளியிட்டபோது, அதன் பெயர் எஃப்-117 என்று தெரிந்தது. உருவமோ நேர் எதிர். வளைவே கிடையாது, பட்டை தீட்டிய கல் மாதிரி தட்டைத் தட்டையான முகங்கள். அதை வடிவமைத்த காலத்துக் கணினிகளால் தட்டையான பரப்புகளிலிருந்து ரேடார் அலை எப்படித் திரும்பும் என்றுதான் கணக்கிட முடிந்தது. அதனால் அந்த வடிவம். வேடிக்கை என்னவென்றால், அதே டெஸ்டர்ஸ் சோவியத் பக்கத்துக்கு என்று கற்பனையில் செய்த 'மிக்-37' கிட்டில் தட்டை முகங்கள் இருந்தன. அமெரிக்க விமானத்தை ஊகிக்கப் போய்த் தவறியவர்கள், ரஷ்ய விமானத்தைக் கற்பனை செய்யும்போது அமெரிக்க நிஜத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்!

ஆக, கற்பனை விமானம் செய்வது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. பல பெட்டிகளிலிருந்து பாகம் எடுத்து ஒட்டியதற்காகவும் நீங்கள் கூச்சப்பட வேண்டாம். நிஜ விமானம் கட்டுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். எக்ஸ்-29 என்ற சோதனை விமானத்தைப் பாருங்கள். உங்களுடையது போலவே முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை, 1984 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் மூக்கும் காக்பிட்டும் பழைய எஃப்-5 விமானத்திலிருந்து வந்தவை. சக்கரம் எஃப்-16உடையது. எஞ்சின் எஃப்-18இல் இருப்பது. எஃப்-117இலும் எஃப்-18 எஞ்சினின் ஒரு வகையைத்தான் போட்டார்கள். மிச்சம் கிடந்ததை வைத்துச் சமாளிப்பது எல்லோருக்கும் பொதுவான வியாதி.

சரி, இனி அந்த மூத்தவர் பக்கம். "எந்த விமானம்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. "நானே கற்பனை செய்தது" என்பது அதற்குப் பதில் ஆகாது. எங்கிருந்து கிளம்புகிறது, என்ன வேலைக்குப் போகிறது, எவ்வளவு உயரத்தில் பறக்கிறது, இரவிலா பகலிலா, விமானி எந்தப் பக்கம் ஏறுகிறார் என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். நிஜ விமானத்தின் மாடலில் ஏதாவது சந்தேகம் வந்தால் போட்டோவைப் பார்த்து ஒட்டிவிடலாம். பார்க்கிறவர் கேட்டால் போட்டோவைக் காட்டி வாயை அடைக்கலாம். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு மூடிக்கும் ஒவ்வொரு கறைக்கும் காரணத்தை நீங்களேதான் வைத்திருக்க வேண்டும். உங்கள் விமானம் பொம்மையாகத் தெரிவது அது இல்லாத விமானம் என்பதால் இல்லை; பல இடங்களில் காரணம் இல்லாததால்தான்.

இறக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். திருப்பிப் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது படத்தில் நன்றாகத் தெரிகிறது, இடது இறக்கையை அப்படியே சுழற்றி வலது பக்கம் ஒட்டியிருக்கிறீர்கள். சாய்வு முன்னோக்கி வந்துவிட்டது, ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்துவிட்டது. இறக்கையின் முன்விளிம்பு உருண்டையாக இருக்கும், பின்விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருக்கும். உங்கள் விமானத்தில் மெலிந்த விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போகிறது, மொட்டை விளிம்பு பின்னால் இருக்கிறது. போதாததற்கு, இறங்கும்போது கீழே தாழும் மடிப்பு இருக்கிறதே, அதன் கோடும் கீலும் இறக்கையின் முன்புறத்தில் வந்து நிற்கின்றன. பார்க்கிறவருக்கு இதெல்லாம் பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கண்ணுக்கு உறுத்தும். சட்டையின் பொத்தானை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்தது மாதிரி.

இதற்காகப் பிய்த்து எறிய வேண்டாம். அந்தக் கோடுகளைப் புட்டி என்கிற நிரப்புப் பசை போட்டு நிரப்புங்கள். நன்றாகக் காய்ந்ததும் 400 உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 600, 1000 என்று போங்கள். முன்விளிம்பை உருட்டிவிடுங்கள். பின்விளிம்பை அடிப்பக்கத்திலிருந்து மட்டும் தேய்த்து மெலிதாக்குங்கள், மேல்பக்கத்துக் கோடுகளாவது பிழைக்கும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1/72இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர். உங்கள் பின்விளிம்பு இப்போது ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது என்று தோன்றுகிறது. நாலு விரல் தடிமனில் பின்விளிம்பு வைத்த போர்விமானத்தை யார் நம்புவார்கள்? அப்புறம் தடித்த டேப் ஒன்றை ஒட்டி, அதன் ஓரமாக ஊசியை மெல்ல, அழுத்தாமல், ஐந்தாறு முறை இழுத்தால் புது மடிப்புக்கான கோடு பின்புறத்தில் கிடைத்துவிடும். ஒரே இழுப்பில் ஆழமாக வரவேண்டும் என்று அவசரப்பட்டால் ஊசி வழுக்கிக்கொண்டு இறக்கை நடுவே ஓடிவிடும். எனக்கு ஓடியிருக்கிறது, இரண்டு முறை.

அடுத்து, பின்பக்கமாக உட்காருவது. முன்சக்கரம் உள்ள எந்த மாடலுக்கும் வருவதுதான். எடையின் நடுப்புள்ளி பிரதான சக்கரங்களுக்கு முன்னால் விழ வேண்டும், அவ்வளவுதான். உடலை ஒட்டி மூடுவதற்கு முன் பாகங்களையெல்லாம் டேப்பால் கட்டி, பிரதான சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, மூக்கு தானாகக் கவிழும் வரை எடை சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். இப்போது மூடியாகிவிட்டது. முன்சக்கரக் குழிக்குள் சின்னதாகத் துளை போட்டு, தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளில் பொடிசானவற்றை உள்ளே தள்ளி, மூக்கை நிலத்தைப் பார்க்க நிறுத்தி, சூப்பர் க்ளூ விட்டு இறுக்குங்கள். வெள்ளைப் பசையை மட்டும் ஊற்றாதீர்கள். அது ஈயத்தோடு வருஷக்கணக்கில் வேலை செய்து, உப்பி, உடலை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

இனி நிறம். உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

முழுக் கறுப்பு ஏன் என்று உங்களைக் கேட்டால், "மிரட்டலா இருக்கும்" என்று சொல்வீர்கள் என நினைக்கிறேன். போர்விமானத்துக்கு வண்ணம் அடிப்பது மிரட்ட இல்லை, ஒளிந்துகொள்ள. இரண்டாம் உலகப் போரில் தாழ்வாகப் பறந்து படம் எடுக்கப் போன சில பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு வெளிறிய இளஞ்சிவப்பு அடித்தார்கள். விடியலிலும் அந்தியிலும் மேகத்துக்கு அடியில் அந்த நிறம் கரைந்துவிடும் என்பதால். போருக்கு இளஞ்சிவப்பா என்று சிரிப்பு வரும், ஆனால் அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு நேரமும் ஒரு உயரமும் ஒரு வேலையும் இருக்கின்றன. கனடாவின் சிஎஃப்-18களில் இன்னும் குறும்பு. காக்பிட் கண்ணாடி மாதிரியே ஒன்றை வயிற்றுப் பக்கத்திலும் வரைந்திருப்பார்கள். சண்டையில் எதிரி ஒரு நொடி, எது மேல் எது கீழ், எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று குழம்பினால் போதும்.

உங்கள் விமானம் பகலில் உயரப் பறப்பதா? அப்படியானால் சாம்பல் நிறம்தான். அமெரிக்கர்கள் நிறத்துக்கு ஐந்து இலக்க எண் வைத்திருக்கிறார்கள். எஃப்-15, எஃப்-16இன் வெளிர் சாம்பல் 36375. முதல் இலக்கம் 3 என்றால் மினுக்கமில்லாதது, இரண்டாவது 6 என்றால் சாம்பல் குடும்பம். மாடல் பெயிண்ட் குப்பிகள் பலவற்றில் இந்த எண் இருக்கும். இரவு வேலைக்கு, கறுப்புதான் வேண்டும் என்றால் இருக்கட்டும், ஆனால் குப்பியிலிருந்து நேராக வரும் கறுப்பு வேண்டாம். நிஜ விமானத்தை நாம் தள்ளி நின்று பார்க்கிறோம். நடுவில் உள்ள காற்று அதன் நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்துவிடும். உள்ளங்கை அளவு மாடலில் அந்தக் காற்றையும் சேர்த்து நாம்தான் அடிக்க வேண்டும். கறுப்பில் சாம்பல் கலந்து, கரி நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அதையே இன்னும் கொஞ்சம் வெளிறச் செய்து, பேனல்கள் எனும் உடல் தகடுகளின் நடுவில் மட்டும் ஏர்பிரஷ்ஷால் மேகம் மாதிரி விடுங்கள். பரப்பு உயிர் பிடிப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அதற்கு முன் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. வேறுவேறு கிட் பாகங்களைச் சேர்த்த உங்களுக்கு இது கட்டாயம். உங்கள் முன்பாதியில் பேனல் கோடுகள் பள்ளமாகவும், பின்பாதியில் மேடாகவும் இருக்கின்றன. பின்பாதி பழைய அச்சாக இருக்க வேண்டும். மேட்டைத் தேய்த்துவிட்டு, பள்ளமாகக் கீறிக்கொள்ளுங்கள். சாம்பல் பிரைமர் அடித்ததும் ஒட்டிய இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுப்பதைத் திட்டிக்கொண்டே சரிசெய்து, மறுபடி அடிக்க வேண்டும். எனக்கு இந்தச் சுற்று மூன்றுக்குக் குறைந்து நடந்ததே இல்லை.

டெகால், அதாவது எண்களும் சின்னங்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம் பற்றி ஒன்று. உங்கள் படத்தில் எண்களைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்குகிறதே, அது மேட், அதாவது மினுக்கமில்லாத பெயிண்ட் மேல் நேராக ஒட்டியதால் வருவது. மேட் பரப்பு நுண்ணிய கரடுமுரடு, அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். முதலில் பளபளக்கும் வார்னிஷ், மேலே டெகால், கடைசியாக மேட் வார்னிஷ். தங்க மின்னலை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். படையணிகளுக்கு வாலில் சின்னம் வரைகிற ஆசை எப்போதும் உண்டு. ஆனால் ஒளிந்துகொள்ளும் விமானத்தில் அது அடக்கமாக, உடல் நிறத்தைவிட ஒரு பிடி வெளிர் சாம்பலில் இருந்தால் கூடுதல் நம்பிக்கை வரும்.

கறைகளையும் கண்டபடி பூசியிருக்கிறீர்கள். பறக்கும்போது ஒழுகும் எண்ணெய் பின்னோக்கி இழுபடும், நிற்கும்போது ஒழுகுவது நேராகக் கீழே வழியும். உங்களுடையது முன்னோக்கி வழிகிறது. ஏணி வைக்கும் பக்கத்தில் மட்டும் பூட்ஸ் தேய்ந்த தடம் வேண்டும், இரண்டு பக்கமும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள், 1/72இல் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் உயரம். உலகத்தில் யாரும் பார்த்திராத விமானம் எவ்வளவு பெரியது என்று சொல்ல அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கடைசியாக ஒன்று. ராத்திரி படுத்த பிறகு நினைவுக்கு வந்து, எழுந்து வந்து எழுதுகிறேன். பின்னால் மூன்று எஞ்சின் வைத்திருக்கிறீர்கள், முன்னால் காற்று உள்ளே போக இரண்டே வாய்கள்தான் இருக்கின்றன. மூன்றாவதற்குக் காற்று எங்கிருந்து வருகிறது? எல்-1011 பயணிகள் விமானத்தில் வாலடியில் மேல்பக்கம் ஒரு வாய் வைத்து, எஸ் மாதிரி வளைந்த குழாய் வழியாக நடு எஞ்சினுக்குக் காற்றை இறக்கினார்கள். உங்கள் விமானத்தின் முதுகிலும் அப்படி ஒன்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் போர்விமானம் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கித் திரும்பும்போது அதன் உடலே முதுகுக்குக் காற்று போகாமல் மறைத்துவிடும். குண்டுவீச்சு விமானமான பி-2 முதுகில்தான் வாய் வைத்திருக்கிறது, அது குட்டிக்கரணம் போடாது. அதனால் உங்களுடையது சண்டைக்குப் போவதா, இரவில் குண்டு போட்டுவிட்டு நேராகத் திரும்பி வருவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டாவது என்றால், முதுகில் ஒரு வாய் திறந்துவிட்டு, அந்தக் கரி நிறத்தையே வைத்துக்கொள்ளலாம். செய்து முடித்ததும் மறுபடி படம் அனுப்புங்கள், பக்கவாட்டில் எடுத்தது ஒன்றாவது இருக்கட்டும்.